ரெண்டு கோடு பாட்டு

மச்சான்,

நேற்று ஒரு வளைகாப்புப் பந்தலில் மைக்கை மோந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சும்மா இல்லை, கண்ணை மூடிக்கொண்டு மோந்திருக்கிறேன். சந்தனக் கிண்ணத்தோடு வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். "மைக் செட்காரருக்குக் காலையிலேயே ஏறிடுச்சு போல" என்று ஒருத்தி சொன்னது நன்றாகக் கேட்டது. செத்துப்போன மச்சான் வாசனை இதில் வருகிறது என்று சொல்லியிருந்தால் இன்னும் மோசமாகப் போயிருக்கும்.

எல்லாம் அந்தப் பழைய மைக்கின் ஸ்பாஞ்சால் வந்தது. உன் சிங்கப்பூர் தைலம் அதில் இன்னும் இருக்கிறது. கம்பி அறுத்த விரலுக்குத் தடவுகிறேன் என்று அரை பாட்டிலைத் தடவி, அதே கையோடு என் மைக்கைப் பிடிப்பாய். நீ சோதித்துக் கொடுத்த மைக்கில் பேச வந்த தலைவர்கள் எல்லாம் கண்ணீர் விட்டுப் பேசியதற்கு அதுதான் காரணம் என்று ஊருக்குத் தெரியாது. புது ஸ்பாஞ்சு வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டத்தான் இல்லை.

ஐந்தாவதோடு நின்றவன் மடல் எழுதுகிறானே என்று சிரிக்காதே. உன் தங்கச்சி பக்கத்தில்தான் இருக்கிறாள். எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று உட்கார்ந்தவள், பிழையை விட்டுவிட்டு அவள் அண்ணனைப் பற்றி நான் என்ன எழுதுகிறேன் என்றுதான் பார்க்கிறாள். அதனால் உன்னைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

முழங்கால் கெட்டுப்போய் சிங்கப்பூரை விட்டு நீ வந்து இறங்கிய நாள் ஞாபகம் வருகிறது. பெரிய டிவி வரும் என்று உன் வீடே வாசலில் நின்றது. காரிலிருந்து இறங்கியது கிட்டார். "என்ன மச்சான், இவ்ளோ பெரிய அகப்பை வாங்கியாந்திருக்க, யார் வீட்டுல கல்யாணம்?" என்று நான்தான் முதலில் கேட்டேன். உன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது என்றாய். அப்புறம் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு ரகசியம் மாதிரி சொன்னாய். "அவனுங்க வேல முடிஞ்சு வந்தா அவனவன் கட்டுன பாட்ட அவனவன் பாடுறான் மாப்ள. எவனும் எந்தப் படம்னு கேக்கல."

அதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. நம் ஊரிலிருந்து திருவையாறு கூப்பிடு தூரம். தை மாதம் ஆற்றங்கரையில் வித்வான்கள் வந்து பாடுவார்கள். மீதி மாதமெல்லாம் சினிமா பாடும். இந்த இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு பாட்டு இருக்கும் என்று எவனுக்கும் தோன்றியதில்லை. என் பென்டிரைவைத் திறந்தால் கல்யாணம், காதுகுத்து, கோயில், சாவு என்று நாலு ஃபோல்டர். நாலிலும் சினிமாதான். தொட்டில் கட்டுவதும் சினிமாப் பாட்டில், தூக்கிக்கொண்டு போவதும் சினிமாப் பாட்டில். அதை நீ சொல்லித்தான் நான் கவனித்தேன், அத்தனை வருடம் அதை வைத்துச் சோறு தின்றவன்.

நீ பாட்டைப் பதிவு செய்த இடத்தை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். உன் வீட்டு உள்ளறையில் நெல் மூட்டைகளைக் கூரை வரைக்கும் அடுக்கி, நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குச் சந்து விட்டிருந்தாய். போனும் கிட்டாரும் நீயும் உள்ளே. மூட்டை சத்தத்தைக் குடித்துவிடும், எதிரொலி வராது என்றாய். அந்த வருடம் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடுக்கத் தாமதம். ஊரே வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தது. நீ ஒருத்தன் மட்டும், "இன்னும் நாலு நாள் எடுக்காம இருந்தா ரெண்டாவது சரணத்தையும் முடிச்சிடுவேன்" என்றாய். அப்போது உன்னை அடிக்க வந்தவர்களைத் தடுத்து நிறுத்தியது நான். அதற்கு இன்று வரை நன்றி சொல்லவில்லை.

பாட்டு முடிந்ததும் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தாய். "இது இண்டி, மாப்ள" என்றாய்.

"தமிழ்லதானே பாடியிருக்க? இந்திங்கற?"

"இந்தி இல்லடா. இண்டி. கம்பெனி கிடையாது, படம் கிடையாது, நம்ம பாட்ட நாமளே பண்ணி நாமளே வெளிய விடுறது."

"நம்ம ஊர்ல நின்னுக்கிட்டு இந்தின்னா உன்னையும் அடிப்பாங்க, என் குழாய் ஸ்பீக்கரையும் உடைப்பாங்க."

நிஜமாகவே எனக்கு அன்றைக்குக் காதில் அப்படித்தான் விழுந்தது. அடுத்த நாளே புரிந்துவிட்டது. ஆனால் உன் முகம் போன போக்கு பிடித்துப்போய், அதற்கப்புறம் கேட்கிறவர்களிடமெல்லாம் "எங்க மச்சான் இந்திப் பாட்டு போட்டிருக்காரு" என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். "நான் சாவறதுக்குள்ள ஒரு தடவயாவது அத ஒழுங்கா சொல்லுடா" என்பாய். கடைசி வரை சொல்லவில்லை.

பாட்டு என்னவோ சின்ன விஷயம்தான். நீ சிங்கப்பூரில் இருந்தபோது நம் ஊரில் டவர் கிடையாது. உன் சம்சாரம் மோட்டார் கொட்டகை மேட்டில் ஏறி நின்றால்தான் போனில் ரெண்டு கோடு வரும். அங்கே நின்றுதான் உன்னோடு பேசும். அந்தப் பிள்ளை பாடுவது போலக் கட்டியிருந்தாய்.

"மேட்டு மேல நிக்கிறேன், ரெண்டு கோடு இருக்கு,
சொல்ல வந்தத சொல்லிடு, ஒரு கோடு போறதுக்குள்ள."

கரடுமுரடான உன் குரலில் ஒரு பெண்பிள்ளை பேசுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன்னிடம் மட்டும், "தொண்டையில நெல்லு மாட்டிக்கிச்சா மச்சான்?" என்றேன்.

காதுகுத்து ஒன்றில் இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவில் அதைச் சொருகினேன். நீ ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். டீக்கடைக்காரர் முதலில் கேட்டார், "எந்தப் படம்பா இது?" படம் இல்லை என்றேன். "அப்ப விளம்பரமா?" அதுவும் இல்லை. "அப்ப எலெக்ஷன் வருதா?" என்றார். அதற்குள் வேறு மூன்று பேர் எந்தப் படம் என்று கேட்டாகிவிட்டது. படம் இல்லை என்றதும் ஏமாற்றுகிறேன் என்று நினைத்து ஒருவர் கோபித்துக்கொண்டார். வண்டியில் திரும்பும்போது நீ வயரைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாய். அப்புறம் சொன்னாய். "நல்லாருக்குன்னு சொல்ல வேணாம் மாப்ள. நம்ம ஊர்க் குழாயில ஒரு தடவ இது ஓடணும், எவனும் எந்தப் படம்னு கேக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு."

நெட்டில் போட்டாய். கொஞ்ச நாள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அப்புறம் மன்னார்குடிப் பக்கம் ஒரு பெண் தன் வளைகாப்பு வீடியோவுக்கு அதை வைத்தது. அதைப் பார்த்து இன்னொரு பெண். அப்புறம் கும்பகோணம், மாயவரம் என்று வளை போடுகிற கையெல்லாம் உன் பாட்டில் ஆடியது. ஏன் வளைகாப்புக்கு என்று நமக்கு இரண்டு பேருக்கும் புரியவில்லை. உன் தங்கச்சிதான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். மருந்துக்கடையில் வாங்கிச் சோதித்துப் பார்க்கிற அட்டையில் ரெண்டு கோடு வந்தால் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று அர்த்தமாம். மேட்டில் நிற்பது நிறைமாத வயிறாம். ஒரு கோடு போவதற்குள் என்பதற்கும் என்னவோ ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்.

நீ ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாய். "டவர் பாட்டு எழுதினே, ஊரே தொட்டில் கட்டிடுச்சு" என்றேன். அதற்குத்தான் சிரிக்க ஆரம்பித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "சரி, இருக்கட்டும். வெளிய போன பாட்டு. அது யார் வீட்டுக்குப் போவணும்னு நாம சொல்ல முடியுமா?" என்றாய்.

சென்னையிலிருந்து அந்தப் போன் வந்தபோது நாம் குடமுருட்டிப் பாலத்தில் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாய்.

"ட்யூன் ரொம்ப நல்லாருக்கு சார். படத்துல ஹீரோயின் வளைகாப்பு சீனுக்கு வச்சுக்குறோம். பெரிய பாடகியப் பாட வச்சுக்குறோம்."

"எம் பேருங்க?"

"கடைசியில நன்றின்னு போட்டுடுவோம் சார்."

நீ மெதுவாக, "வேணாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ கிளாஸை நட்டமாக வைக்கக்கூடத் தெரியவில்லை. ஊரெல்லாம் தியேட்டரில் கேட்கும், இதை விட்டால் வேறென்ன வரும் என்று கத்தினேன். நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "படத்துல போட்டா, எந்தப் படம்னு கேக்கறவனுக்குப் பதில் கிடைச்சிடும் மாப்ள. அப்புறம் யாரு பாட்டுன்னு எவனும் கேக்கவே மாட்டான்."

எனக்கு அன்றும் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒரு பெருமை வந்தது. பெரிய ஆட்கள் கேட்டு வேணாங்க என்று சொன்ன ஒருத்தன் என் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று. பாலத்திலிருந்து வீடு வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். ஏன் என்று கேட்டாய். பிரேக் சரியில்லை என்றேன்.

அந்தச் சம்பா நடவு முடிந்த வாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை.

உன் சாவு வீட்டுக்கும் நான்தான் செட் கட்டினேன். எல்லாரும் உன் பாட்டைப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. உன் பெரியப்பா பந்தலில் நின்று, "அவன் பாட்ட அவனுக்கே போட மாட்டேங்கறியேடா, நீயெல்லாம் ஒரு மாப்பிள்ளையா?" என்று என் சட்டையைப் பிடித்துவிட்டார். கடைசியில் உன் சம்சாரம் வந்து, "ஏண்ணே?" என்று கேட்டது.

மைக் செட் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. கல்யாண வீட்டில் ஓடின பாட்டு சாவு வீட்டுக்குப் போகலாம். சாவு வீட்டில் ஓடினது திரும்பி வராது. எவ்வளவோ நல்ல பாட்டு அப்படிப் போயிருக்கிறது. அதில் ஒன்று கைதவறி ஒரு கல்யாணத்தில் ஓடியதற்குப் பெண் வீட்டார் என் வயரையே பிடுங்கியிருக்கிறார்கள். "இன்னிக்கு இங்க போட்டா இதோட முடிஞ்சுதும்மா. இனிமே ஒரு பொண்ணும் வளைகாப்புக்கு இதக் கேக்காது" என்றேன். அது உன்னைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "அப்ப போடாதீங்கண்ணே. அவரு பாட்டு நல்ல காரியத்துலயே இருக்கட்டும்" என்றது. எனக்குத் தெரிந்த யோசனையைத்தான் சொன்னேன். ஆனால் மச்சான், உன்னைத் தூக்கும்போது எவனோ பாடிய சினிமாப் பாட்டு ஓடியது. நாங்கள் எடுத்த முடிவு சரிதானா என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

நேற்று நம் தெருவில்தான் வளைகாப்பு. நடுத்தெரு வாத்தியார் மகளுக்கு. மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்திருந்த பெண் என்னைக் கூப்பிட்டு, "மாமா, நம்ம சிங்கப்பூர் மாமா பாட்டு போடுங்க" என்றது. போடுவதற்கு முன்னால் ஒரு குழாயை மோட்டார் மேட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது ஊரில் டவர் வந்துவிட்டது, அடுப்படியில் நின்றே பேசலாம். உன் சம்சாரம் மட்டும் பழக்கத்தில் இன்னும் அங்கேதான் போய் நிற்கிறது.

பாட்டு ஓடியது. வளை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கூடவே பாடினார்கள். டீக்கடைக்காரர் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு, இப்போது கேட்பான், இப்போது கேட்பான் என்று உட்கார்ந்திருந்தேன். எவரும் கேட்கவில்லை. பாட்டு முடிந்த பிறகு வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, "தம்பி, இது யாரு பாட்டு?" என்றார்.

யாரு என்றார், மச்சான். எந்த என்று சொல்லவில்லை.

என் தொண்டையிலும் நெல் மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள். சாவிக்கொத்தைத் தடவிப் பார்த்தேன். அதில் பென்டிரைவ் தொங்குகிறது. நாலு ஃபோல்டரோடு ஐந்தாவதாக உனக்கென்று ஒன்று திறந்து மச்சான் என்று பேர் போட்டிருக்கிறேன். துணைக்கால் விட்டுப்போய் மச்சன் என்று இருக்கிறது. திருத்தச் சொல்லி உன் தங்கச்சி சண்டை போடுகிறாள். இருக்கட்டும். எந்த ஊருக்குச் செட் கட்டப் போனாலும் என் கூடவே வருகிறாய்.

அந்தப் பெரியவருக்கு மட்டும் சொன்னால் போதாது என்று தோன்றியது. பழைய மைக்கை எடுத்தேன். உன் ஆசைப்படி ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுவது என்று நாக்கை மடித்துப் பழகிக்கொண்டேன். "இது எங்க மச்சான் கட்டி, எங்க மச்சானே பாடுனது. இது ஒரு இண்டிப் பாட்டு. மறுபடியும் கேளுங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லி, திரும்பவும் ஓடவிட்டேன்.

நான் ஒழுங்காகத்தான் சொன்னேன். தைலம் ஊறின ஸ்பாஞ்சு வழியாகவும் குழாய் வழியாகவும் போனதில் அது இந்திப் பாட்டு என்று கேட்டிருக்கிறது. வடக்கேயிருந்து நடவுக்கு வந்து, நடவு இல்லாததால் சமையல்காரருக்குக் கையாளாக நின்றவர்கள் கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பாட்டு முடியும் வரை மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.