செல்லாச்சியின் பெயர் வருகிற அந்த வரி

உடப்பு,
பங்குனி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் மதுரனுக்கு, அம்மன் அருளால் நானும் அம்மாவும் இங்கு குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் உன்னோடு பாட்டுக்குழுவில் வாசிக்கிற பிள்ளைகளும் ரொறன்ரோவின் பனியில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க அவளே துணை நிற்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் உளைவு இன்னும் இருக்கிறது, ஆனாலும் கோயிலுக்குப் போவதை விடவில்லை. தங்கச்சி சுபாஜினி சிலாபத்திலிருந்து போன கிழமை வந்து போனாள், அவளுடைய சின்னவன் இப்போது நடக்கிறான், நடக்கிறான் என்பதைவிட விழுகிறான் என்பதுதான் சரி. வலையில் இந்தமுறை சூடை மீன் நன்றாகப் பட்டது. தினமும் போனில் கதைக்கிறோமே, பிறகெதற்கு இந்த மனுசன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் இதைத் தொடங்கினால் நீ சிரிப்பாய், உன் சிரிப்பைக் கேட்டு நானும் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும்.

உங்கள் ரொக் குழுவின் பாட்டைப் பற்றித்தான். வீடியோ வந்த அன்று நான் எப்படித் துள்ளினேன் என்று அம்மாவைக் கேள். கிற்றாரும் ட்ரம்சும் இடி மாதிரி முழங்க, நடுவில் கரைவலை இழுக்கும்போது நான் பாடிய அம்பாப் பாட்டு. என் குரல்! முந்தல் சந்தியில் ஓட்டோக்காரன் போடுகிறான், தேத்தண்ணிக் கடையில் போடுகிறார்கள், நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில்லாமல் அந்த வழியால் போய்த் திரும்பி வந்தேன். வெட்கங்கெட்ட மனுசன்.

நீ சின்ன வயதிலேயே படிக்க வெளியே போனவன், வலைக்கயிறு பிடித்ததில்லை, அதனால் உனக்கு இது தெரிந்திருக்காது. அம்பாவில் முன்னால் பாடுகிறவன் வாயில் வந்த பெயரைப் போட்டுப் பாடுவான். சம்மாட்டியின் வலையை இழுத்துக்கொண்டே சம்மாட்டியின் கஞ்சத்தனத்தைப் பாடுவோம், கயிற்றின் பாரம் தெரியாமல் இருக்கத்தான் அது. வலை கரையேறியதும் பாட்டும் முடிந்தது, யாருடைய பெயர் வந்தது என்று ஊருக்குள் ஒருவனும் கதைக்கமாட்டான், அது எங்களுக்குள் இருக்கிற கட்டுப்பாடு. நீ பதிந்து அனுப்பச் சொன்ன அன்று போனைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இழுக்கப் போனேன். மகன் கேட்கப்போகிறான், வெள்ளைக்காரப் பிள்ளைகள் கேட்கப்போகிறார்கள் என்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. அப்போதுதான் லொறி வந்து நிக்குது செல்லாச்சி, கருவாடு வெளியில காயுது செல்லாச்சி, கதவை ஏன்டி சாத்தினாய் செல்லாச்சி என்று எடுத்துவிட்டேன். இழுத்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு இன்னும் ஏறிவிட்டது. நீங்கள் அதையே பல்லவியாக்கி, வீடியோவில் ஒரு பெண் சிவப்புக் கதவைத் திரும்பத் திரும்பச் சாத்துவதாகவும் எடுத்துவிட்டீர்கள். செல்லாச்சி என்பது பாட்டில் வருகிற ஏதோ பழைய பெயர் என்று நினைத்திருப்பாய். அது நம் பின்தெருவில் கருவாடு போடுகிற செல்லாச்சி, புருசன் போன பிறகு தனியாக நின்று உழைக்கிறவள். லொறி, அவளிடம் கருவாடு எடுக்க வருகிற புத்தளத்து றவூப் நானாவுடையது. அவள் கதவைச் சாத்தியதை நான் கண்டதில்லை மகனே, யாருமே கண்டதில்லை. சந்தத்துக்கு வந்தது, பாடினேன்.

இப்போது அவள் தெருவில் போனால் பொடியன்கள் பின்னால் நின்று அந்த வரியை இழுக்கிறார்கள். றவூப் நானா மரியாதையான மனுசன், அவருக்கும் பெண்சாதி பிள்ளைகள் இருக்கிறார்கள், லொறியை உடப்புக்குள் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார். செல்லாச்சி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் முந்தலுக்குப் போகிறாள், சில நாட்களில் கருவாடு மணக்கிறது என்று ஏற்றவும் மாட்டார்களாம். வீடியோ வந்து கொஞ்ச நாளில் அவள் நம் வாசலில் வந்து நின்று, அண்ணே, என்ட பேரப் போட்டுப் பாடினது நீங்களா என்று கேட்டாள். அது என் அப்பா காலத்து அம்பா, பெயர் தற்செயலாக ஒத்துப்போய்விட்டது என்று கூசாமல் பொய் சொன்னேன். அவள் ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா அன்று எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

நேற்று மனம் கேட்காமல் செல்லாச்சி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கத்துவாள், மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே முழுதையும் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, சரி அண்ணே, ஊரெல்லாம் கேட்டிட்டு, நான் மட்டும்தான் உங்கட வாயால கேக்கல்ல, இப்ப என்ட முகத்தப் பாத்து ஒருக்காப் பாடுங்க என்றாள். கடல் இரைச்சலுக்கு மேலே பாடுகிற எனக்கு வாய் திறக்கவில்லை மகனே. லொறி என்ற முதல் சொல்லே வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். நாளைக்குப் புத்தளம் போய் றவூப் நானாவிடமும் சொல்ல வேண்டும், அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியவன்தான் நான்.

இந்தப் பாட்டுத்தான் உங்களுக்கு முதன்முதலாகப் பெயர் வாங்கித் தந்தது என்று எனக்குத் தெரியும். எத்தனை வருசம் யாருடைய கராஜிலோ வாசித்துக்கொண்டிருந்தீர்கள், இப்போதுதான் றேடியோவில் போடுகிறார்கள், அதை நீக்கினால் கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் நீ பதில் சொல்ல வேண்டும். நீக்கிவிடு என்று அதட்ட எனக்கு வாயில்லை, பாடியவன் நான்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு என்று அம்மா எழுதச் சொன்னாள். அம்மன் உன்னையும் உன் குரலையும் காக்கட்டும், எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. செல்லாச்சியின் போன் நம்பரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோல் எடுத்து அவளோடு முகம் பார்த்துக் கதை. என்னிடம் கேட்டதை உன்னிடமும் கேட்பாள். அவள் முகத்தைப் பார்த்து உன்னால் பாட முடிந்தால், பாட்டு அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து எழுதும் உன் அப்பா,
சி. இராமலிங்கம்