லெய்மாரா சொன்ன ‘இல்ல’

ஜூன் 10, திங்கள்

மீன் வறுத்தேன், சோறு வடித்தேன், பாதிகூட விற்கவில்லை. கூவி ஆள் பிடிப்பவள் லெய்மாரா. அவள்தான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளே. பன்னிரண்டு வருடமாக எங்கள் தீவின் விலா நகரச் சந்தையில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. அவள் கழுத்துக் கட்டி இப்போது மூச்சுக்குழாயை அழுத்துகிறதாம். நாளை ஆபரேஷன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கும் டாக்டர் சனிக்கிழமை திரும்பிவிடுவார். குரல் போனாலும் போகலாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். உயிரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை நானே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்



நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவதா என்று விடியற்காலையில் வாழைக்காயைத் துருவி லாப்லாப் அடை சுட்டு, இலையில் கட்டிக்கொண்டு போனேன்.

“ஒண்ணும் திங்கக்கூடாதுன்னாங்கடி,” என்றாள் லெய்மாரா. சொல்லிக்கொண்டே பிரித்தாள். “வெறும் வயித்தோட சாகச் சொல்றியா?” பாதியைத் தின்றுவிட்டாள். நானும் சிரித்துக்கொண்டு பார்த்தேன் – என் மூளை எங்கே போயிற்று?

டாக்டர் வந்தார். எங்கள் பிஸ்லாமா மொழியை அரைகுறையாகப் பேசுவார். “காலையில நீ சாப்பிடல?”

“இல்ல,” என்றாள்.

அவர் தலையாட்டி, தாளில் குறித்துக்கொண்டு போனார். உண்மையைச் சொல்லிவிட்டாள், அவரும் கோபிக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். எங்கள் பேச்சில் அந்தக் கேள்விக்கு ‘இல்ல’ என்றால், நீங்கள் சொல்வது தப்பு, சாப்பிட்டேன் என்று அர்த்தம். சாப்பிடாதவள் ‘ஆமா’ என்பாள். அவர் ஊரில் அது நேர்மாறு என்று யாருக்குத் தெரியும்?

அவளைத் தள்ளிக்கொண்டு போன பிறகுதான் நர்ஸ் வோட்டாசி வந்தாள். “நல்லவேளை, வெறும் வயிறு. இல்லேன்னா மயக்கத்துல வாந்தி எடுத்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஆள் தேறாது.”

ஓடினேன். செருப்பு எங்கே விழுந்ததோ. “சாப்பிட்டா! நாந்தான் குடுத்தேன்! நிறுத்துங்க!” கதவை இரண்டு கையாலும் அடித்தேன். மயக்க ஊசி போடுவதற்கு முன் நிறுத்திவிட்டார்கள்.

ஜூன் 12, புதன்

வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்குள் வேறு அவசரக் கேஸ் வந்துவிட்டால்? படுத்தால் அவளுக்கு மூச்சு இழுக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

வெறுங்கையோடு போனேன். டாக்டர் இம்முறை வேறு மாதிரி கேட்டார்: “வயித்துல என்ன இருக்கு?”

“பயந்தான்,” என்றாள் லெய்மாரா.

நான்கு மணி நேரம். மூச்சு இருக்கிறது. சீராக இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

குரல் இல்லை. வாயைத் திறக்கிறாள், வெறும் காற்றுதான் வருகிறது. டாக்டர் ஊருக்குப் போய்விட்டார். “வீக்கம் வடியட்டும், பொறு,” என்கிறாள் வோட்டாசி. எத்தனை நாள்? அதை அவளும் சொல்லவில்லை. கடவுளே, உயிரைக் கேட்டேன், குரலைச் சேர்த்துக் கேட்க மறந்துவிட்டேனா?

ஜூலை 9, செவ்வாய்

கட்டியில் கெட்டது ஒன்றுமில்லையாம். ஆனால் இன்னும் கிசுகிசுப்புதான்.

ஜூலை 27, சனி

லெய்மாரா மேசைக்குத் திரும்பி நான்கு நாளாகிறது. இன்றைக்கு மீனைக் கருக்கிவிட்டேன். “கண்ணை எங்கடி வெச்சிருக்கே? இதை நாய்கூட மோந்து பாக்காது!” அவள் குரல் சந்தையின் அந்தக் கோடிவரை கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போயிற்று.

அடுத்த மீனையும் கொஞ்சம் கருகவிட்டேன்.