குடல்வால் என்று சொன்னோம்

அன்புள்ள அண்ணனுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். கடையில் அப்பாவின் கை எப்போதும் இஸ்திரிப் பெட்டியில் இருப்பதால் போனை ஸ்பீக்கரில்தான் போடுவார். வீட்டிலிருந்து பேசலாமென்றால் எனக்கு வாய் வராது. அது உனக்கே தெரியும்.

அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா நலமில்லை.

உன்னிடம் சொன்னது பொய். அம்மாவுக்கு எடுத்தது குடல்வால் இல்லை, கர்ப்பப்பை. கட்டி வளர்ந்து, மாதாமாதம் ரத்தம் கொட்டி, சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். ஆபரேஷன் என்றதும் அப்பாவுக்குக் கூச்சம். "கேக்கறவங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்றார். "குடல்வால்னு சொல்லிடுண்ணே, யாருக்குத் தெரியப்போகுது" என்று அத்தைதான் வழி சொன்னாள்.

வேடிக்கை என்னவென்றால், பொய் சொன்னவர்களே அதை நம்பிவிட்டார்கள். தண்ணீர் வாளிகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்த அம்மாவைப் பார்த்து அத்தை சொல்கிறாள்: "என் பையன் குடல்வால் எடுத்துட்டு மறுவாரமே பைக் ஓட்டினான். அண்ணி என்ன மகாராணியா?" அப்பாவும் தலையாட்டுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கம்போலச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன்.

ஆபீஸுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும், கடையில் அம்மாவின் இடத்தில் நான்தான் துணி தேய்த்தேன். வக்கீல் சட்டையின் காலரைக் கருக்கிவிட்டேன். "படிச்ச கைக்கு இதெல்லாம் வருமா?" என்று அப்பா கத்தினார். கடைக்குப் பின்னால் வீட்டுக்குள் படுத்திருந்த அம்மா எழுந்து வந்து, என் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். "நின்னுட்டே தேய்க்கறதுதானே, பாரமா தூக்கறா?" என்றார் அப்பா. அந்த இரும்பை ஒவ்வொரு சட்டைக்கும் எத்தனை தடவை தூக்கி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

அன்றே அம்மாவின் புடவை ரத்தத்தில் நனைந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லாதே என்று அம்மா என்னைக் கெஞ்சினாள். நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "உள்தையல் விடாம இருந்ததே பெரிசு. வேலை செய்யச் சொன்னது யாரு?" என்று நர்ஸ் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

இப்போதும் அம்மா கடையில்தான் நிற்கிறாள். போன தடவை நீ பேசியபோது, "குடல்வாலுக்கா இவ்வளவு சீன்?" என்று சிரித்தாய். அவளும் சிரித்தாள். அப்போது வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தது ஸ்பீக்கரில் கேட்டிருக்காது. உன்மேலும் எனக்குக் கோபம்தான்.

ஒன்று கேட்கிறேன். பணம் அனுப்ப வேண்டாம், லீவு போட்டு ஓடி வரவும் வேண்டாம். மாலையில், கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து போன் செய். அப்பா ஸ்பீக்கரில் போடுவார், அத்தையும் அங்கேதான் இருப்பாள். எல்லோருக்கும் கேட்கும்படி, "அம்மா, கர்ப்பப்பை எடுத்த புண் ஆறிடுச்சா? இனி அந்தப் பெட்டியைத் தொடாதே" என்று சொல். கூச்சப்படாதே, நீயும் நானும் இருந்த இடம்தான் அது.

நான் சொன்னால் வாயாடி என்பார்கள். நீ சொன்னால் கேட்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் என் கோபம். இருந்தாலும் சொல்லிவிடு, அண்ணா.

உன் தங்கை