சீனி போடாத பார்லி

மச்சான், உன் பழைய பச்சை ஃபிளாஸ்க் என் கையில் இருக்கிறது. காலிதான். ஆனாலும் மூடியைத் திறந்தால் பார்லியில் போட்ட பண்டான் இலை மணம் போகவில்லை. உன் மனைவி மேரி இதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, என் மனைவி சாந்தியின் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனாள். வெளியே ஜார்ஜ் டவுனில் மழை வெளுத்து வாங்குகிறது.

பதறாதே, சாந்திக்கு இப்போது பரவாயில்லை. நிமோனியா. ஏற்கெனவே உன்னைப் போல அவளுக்கும் இனிப்புநீர் வியாதி உண்டே. இந்த இரண்டும் சேர்ந்துதானே உன்னைக் கொண்டுபோயின.

உனக்குக் காய்ச்சல் கண்ட அந்த வாரம் அப்படியே கண்ணில் நிற்கிறது. பிறைத் தொழிற்பேட்டைக்கும் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் லோரி ஓட்டிய ஆள், இருமி இருமிச் சுருண்டு கிடந்தாய். கஞ்சிகூட இறங்கவில்லை. இன்சுலின் ஊசியை நீயாகவே நிறுத்திவிட்டாய்.

"சோறே எறங்கல, ஊசி எதுக்கு மச்சான்? தெம்பு வேணும்லா!" என்று இந்த ஃபிளாஸ்க் நிறையச் சீனி போட்ட பார்லித் தண்ணியைக் குடித்தாய். காய்ச்சல் என்றால் நம் வீடுகளில் எல்லாருக்கும் அதுதானே மருந்து. ஆஸ்பத்திரிக்குப் போனபோது உன் ரத்தத்தில் சீனி கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலே சீனியை ஏற்றிவிடுமாம். ஏறிவிட்டால் நுரையீரலில் இருக்கும் கிருமியோடு உடம்பால் மல்லுக்கட்ட முடியாதாம். அதையெல்லாம் உன் கட்டிலருகே நின்றுதான் தெரிந்துகொண்டோம். பாவி, அப்படி என்னடா அவசரம் உனக்கு?

போன வாரம் சாந்தி காய்ச்சலில் படுத்தாள். ஊசி நேரம் வந்தது. "ஒண்ணுமே சாப்பிடலங்க, இன்னிக்கு வேணாம்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். உன் குரலே கேட்டதுபோல் இருந்தது. விரலில் குத்திப் பார்த்தால், சீனி ஏறித்தான் இருந்தது.

"அவனும் இதத்தான் சொன்னான்! எந்திரி, கெளம்பு!" என்று கத்தினேன். உன்னைச் சொன்னதும் எழுந்துவந்து காரில் ஏறினாள்.

"நல்ல வேள, சீக்கிரம் கொண்டாந்தீங்க. சீனி கட்டுக்குள்ள இருந்தா ஒடம்பு தேறிவர லேசா இருக்கும்" என்றார் டாக்டர். இன்று காலை ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். எடுத்த கையோடு, தோசை வேண்டும் என்று நர்ஸிடம் சண்டை! அந்தச் சண்டையைக் கேட்டு நான் வராந்தாவில் நின்று அழுதேன்.

பிறகுதான் மேரி வந்தாள். "சீனி போடல அண்ணே" என்று முதலில் அதைத்தான் சொன்னாள். "அவரு ஃபிளாஸ்க்குதான். தூக்கிப் போடவும் மனசு வரல, பார்க்கவும் பயமா இருந்துச்சு. அக்கா இதுல குடிச்சு நல்லாயிட்டா, அந்தப் பயம் போயிடும்."

சாந்தி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "சப்புன்னு இருக்குடி" என்று திட்டிக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தாள். மேரி அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

நாளை வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். ஃபிளாஸ்க்கைக் கழுவி மேரியிடம் கொடுத்துவிடுவேன். உன் கேள்வி மட்டும் என்னிடமே இருக்கட்டும். இனி நம் ஆட்களில் யார் காய்ச்சலில் படுத்து "ஊசி எதுக்கு?" என்று கேட்டாலும், பதிலுக்கு நான் உன்னைப் பற்றித்தான் சொல்வேன்.