ஒன்றுவிட்ட கோணமும் ஒற்றை ஃபேனும்

ஜூலை 5, சனி

கணித ரியூசன். வெளியில அனலா வீசுற கச்சான் காத்து, உள்ள தகரக் கூரை. ரெண்டுக்கும் நடுவுல நாங்க அவியிறம். இருக்கிறது ஒரே ஒரு ஃபேன். பிளக் பொடியன்மார் பக்கம், வயர் கட்டை, பொம்புளப் புள்ளையள் எங்கட பக்கத்துக்கு எட்டாது.

றெனோல்ட் சேர் இண்டைக்குப் பலகையில ஒரு தேற்றம் எழுதினார்: வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போற தொடலிக்கும், அது தொடுற புள்ளியிலிருந்து போற நாணுக்கும் இடையிலுள்ள கோணம், ஒன்றுவிட்ட வட்டத்துண்டத்துக் கோணத்துக்குச் சமன்.

ஒன்றுவிட்ட மச்சான் கேள்விப்பட்டிருக்கேன். ஒன்றுவிட்ட கோணமுமா?

"எந்தப் பக்கம் முதல்ல நிறுவுதோ, அந்தப் பக்கத்துக்கு ஃபேன்" எண்டார் சேர்.

அர்ஷாத் எங்கட பக்கம் திரும்பி, "விசிறி மட்டை கொண்டு வாங்க புள்ளையள்" எண்டான். பார்ப்பம்.

ஜூலை 6

நான் நிறுவினேன். நாணை மையத்துக்குள்ளால கீறினேன். இங்கால 90, அங்கால 90. முடிஞ்சுது!

"நாண் கொஞ்சம் சரிஞ்சா?" எண்டார் சேர்.

"சரியாம நான் பிடிச்சுக்கொள்றன் சேர்."

வகுப்பே சிரிச்சது. ஃபேன் வரல்ல.

ஜூலை 9

உம்மாட காப்பை வச்சு வட்டம் வட்டமாக் கீறுறன். "பிள்ள படிக்குது" எண்டு உம்மா பக்கத்து வீட்டுல பெருமை கதைக்கிறா. இங்க தலைதான் சுத்துது.

ஜூலை 10

வந்திட்டு! நாண் சரிஞ்சபடியே கிடக்கட்டும், தொடுற புள்ளியிலிருந்து விட்டத்தைத் தனியாக் கீறி, ரெண்டுட மற்ற நுனியையும் சேர்த்தா ஒரு முக்கோணம். தொடலிக்கும் விட்டத்துக்கும் இடையில 90. அரைவட்டத்துக் கோணமும் 90, அப்ப அந்த முக்கோணத்தில மிச்ச ரெண்டும் சேர்ந்து 90. நாணுக்கும் விட்டத்துக்கும் நடுவுல உள்ள கோணம் ரெண்டிலயும் பொது. அதைக் கழி. மிஞ்சுறது சமன்! அதே துண்டத்துல உள்ள மற்றக் கோணமெல்லாம் எப்பிடியும் சமன்தானே.

ஜூலை 12, சனி

நிறுவி முடிச்சன். ஒருத்தரும் நம்பல்ல.

போன மாசம் படத்தைக் களவாக் கீறி, எல்லா முக்கோணமும் இருசமபக்கம் எண்டு நிறுவிக் காட்டினேனே, அதுதான் வினை.

"இந்த ஸப்னாட படத்த நம்பாதீங்க சேர்."

"அர்ஷாத், இண்டைக்கு உண்மையாத்தான்டா."

"போன மாசமும் இதையேதான் சொன்ன."

பக்கத்துல இருக்கிற றிபா, என்ட உயிர்க் கூட்டாளி, அவளும் காதுக்குள்ள, "பிழைய எங்கடி ஒளிச்சிரிக்காய்? எனக்கு மட்டும் சொல்லு" எண்டாள்.

அழுகை வந்திட்டு. இருமிச் சமாளிச்சன். ஃபேன் கிடக்கட்டும் — நான் சொன்னா ஒரு சொல்லும் நிக்காதா?

"பொடியன்மார், அடுத்த சனிக்குள்ள பிழையைக் கண்டுபிடிங்க. இல்லாட்டி இடம் மாறுங்க" எண்டார் சேர்.

ஜூலை 19, சனி

ஒவ்வொருத்தனும் வேற வேற வட்டம் கீறி, பாகைமானி வச்சு அளந்து வந்திரிக்கான். என்ட நிறுவல் அவங்களுக்கு மனப்பாடம்! பிழை இல்லையாம். ஆனா அர்ஷாத் எழும்பினான். "விரிகோணம் வந்தா இது சரிவராது சேர்."

அல்லாஹ்வே, ஓம், அவன் சொல்றது சரி. அதை நான் யோசிக்கவே இல்ல.

றிபா எழும்பினாள். "வட்ட நாற்கரத்துல எதிர்க்கோணம் ரெண்டும் சேர்ந்து 180. தொடலியில நாணுக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்தும் 180. கூர்ங்கோணத்த இவள் நிறுவிட்டாள். பிறகென்ன?"

சேர் அதையும் பலகையில எழுதினார். பிறகு, "பொடியன்மார், எழும்புங்க" எண்டார்.

ஃபேன் காத்துல கொப்பி ஒற்றையெல்லாம் பறக்குது. எழுத ஏலாது. பரவாயில்ல.

ஜூலை 20

புதுத் தேற்றம்: வெளிப்புள்ளி ஒன்றிலிருந்து வட்டத்துக்குக் கீறுற தொடலி ரெண்டும் சமன். அர்ஷாத் வியர்த்து வழிய வந்து, ரெண்டு முக்கோணம் கீறி நிறுவினான். சரியெண்டோ பிழையெண்டோ சொல்லாம, சேர் என்ட பக்கம் திரும்பினார்.

"ஸப்னா, பாருங்க. எங்கயும் ஓட்டை இரிக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. ஒருத்தரும் சிரிக்கல்ல. மேலிருந்து ஒவ்வொரு வரியா வாசிச்சன்.

"செங்கோணம் எண்டு போட்டிருக்கான், காரணம் எழுதல்ல சேர். ஆரை தொடலிக்குச் செங்குத்து."

அர்ஷாத் எழுதினான். திரும்பி, "இப்ப?" எண்டான்.

"இப்ப சரி."

சேர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.