மெஷின் சத்தத்தில் கூப்பிட்ட பெயர்

இன்று காலை கோர்ட்டில் உன் பையை மேஜை மேல் வைத்தார்கள். பழுப்புக் கவரின் அரக்கை உடைத்து, ஓர் ஊழியர் அதை இரண்டு விரலால் பிடித்து வெளியே எடுத்தார். சிவப்புப் பட்டை வெளுத்து மண் நிறத்துக்கு வந்துவிட்டது. பச்சை மட்டும் பிடிவாதமாக இருந்தது. சாட்சிக் கூண்டில் நின்ற எனக்குக் கை எட்டும் தூரம்தான். தொடக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பூட்டிய அறையின் புழுங்கல் வாடை அடித்தது. எனக்கு மட்டும் அதில் பஞ்சு வாடை வந்தது. இத்தனை வருடம் கழித்து அப்படி வர வாய்ப்பே இல்லை என்று தெரியும். ஆனாலும் வந்தது.

பவானியில் உன் அப்பாவின் தறியில் மிஞ்சிய ஜமுக்காளத் துண்டில் உன் அம்மா தைத்துக் கொடுத்த பை அது. ஒரு பொங்கல் முடிந்து நீ ஊரிலிருந்து திரும்பியபோது, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அதன் கைப்பிடி அறுந்து, தேங்காயெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் உருண்டு ஓடிவிட்டது. பஸ்ஸை எடுக்கவிடாமல் டிரைவரை மிரட்டி நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறாய். "நாலு தேங்காய்க்கு பஸ்ஸையே நிறுத்திப்போட்டேன் புள்ள" என்று ஆஸ்டலுக்கு வந்து பெருமையடித்தாய். அந்தக் கைப்பிடியை, மில்லின் கழிவு நூலை நான்காக முறுக்கி, நான்தான் தைத்துக் கொடுத்தேன். எனக்கு இடது கைப் பழக்கம். என் கைத்தையல் எல்லாம் இடப்பக்கம் சாயும். "நொட்டாங்கைத் தையலு. எவ பார்த்தாலும் உன்னுதுன்னு சொல்லிப்போடுவா" என்று கிண்டல் செய்தாய். நீ விளையாட்டுக்குச் சொன்னது இன்று சாட்சியமாகப் பதிவாகியிருக்கிறது.

அப்போது நமக்குப் பதினைந்து வயது. பதினெட்டு ஆகாதவர்களை மில்லில் எடுக்கக் கூடாது. அதனால் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு முதலில் கேட்பது, வீட்டில் மூத்தவள் யாராவது இருக்கிறாளா என்றுதான். அக்கா இருந்தால் அக்காவின் சர்ட்டிபிகேட், இல்லாவிட்டால் அத்தை மகளுடையது. நீ உன் அக்கா கவிதாவாக உள்ளே வந்தாய். நான் என் அத்தை மகள் ஜோதியாக வந்தேன். மில்லில் இன்னும் பலர் அப்படித்தான். கழுத்து அட்டையில் படம் நம்முடையது, பெயர் வேறொருத்தியுடையது.

இப்போது சரவணம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஐ.டி. கம்பெனிப் பெண்கள் அட்டையும் கழுத்துமாக அளவு கொடுக்க வருவார்கள். டேப் வைக்கும்போது அட்டை இடிக்கும். அதை ஒதுக்கும் சாக்கில் ஒவ்வொருத்தியின் பெயரையும் படித்துவிடுவேன். இது உன் சொந்தப் பேருதானா கண்ணு என்று கேட்க நாக்கு துடிக்கும். பைத்தியம் என்று நினைப்பார்கள் என்பதால் கேட்டதில்லை.

கவிதா என்ற பெயர் உனக்கு ஒட்டவே இல்லை. "அப்புடிக் கூப்பிட்டா, அக்கா எங்கேன்னு திரும்பிப் பார்க்கோணும் போல இருக்குது" என்பாய். ஆஸ்டலில், சாப்பாட்டு வரிசையில், வார்டன் காதில் விழக்கூடிய எந்த இடத்திலும் அட்டைப் பெயர்தான். உண்மைப் பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும். அதற்கும் நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். நூற்புக் கூடத்தில் மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவள் பேசினாலே கேட்காது. அந்த இரைச்சலுக்குள் நின்றுகொண்டு நீ ஒரு நாள் தொண்டை கிழியக் கத்தினாய்: "சுமதீ!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதுக்குப் பாதி, கண்ணுக்குப் பாதியாக என் பெயர் வந்து சேர்ந்தது. நானும் உன் பெயரைத் திருப்பிக் கத்தினேன். தள்ளி நின்ற சூப்பர்வைசர் நம் வாய் அசைவதைப் பார்த்து, நூல் அறுந்ததைச் சொல்கிறோம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தினமும் ஷிப்ட் தொடங்கியதும் ஒரு தடவை, முடியும் முன்பு ஒரு தடவை. வேறெதுவும் பேச மாட்டோம், பெயர் மட்டும்தான். "ஒரு நாளைக்கு ஒருக்காவாச்சும் நம்ம பேரை நாம கேட்டுப்போடோணும் புள்ள, இல்லீன்னா மறந்துபோயிரும்" என்று நீ சொன்னது நேற்றுச் சொன்ன மாதிரி இருக்கிறது.

ஆடி நோம்பிக்கு நான்கு நாள் லீவு வாங்கினாய். கூடுதுறை ஆற்றில் அம்மாவோடு முங்கிக் குளிக்க வேண்டும் என்று ஒரு மாதமாக அதே பேச்சு. மதியம் ஷிப்ட் முடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் மில் வேனில் ஏறினாய். "வாரேன் புள்ள" என்றாய். அன்று அந்த வேனில் நீ ஒருத்திதான் என்று எனக்குத் தெரியாது. ஓட்டியவன் பெயரை இதில் எழுத மாட்டேன். அவன் செய்ததையும் எழுத மாட்டேன். அது குற்றப்பத்திரிகையில் இருக்கிறது, அங்கேயே கிடக்கட்டும். உனக்கு எழுதும் கடிதத்தில் அவனுக்கு என்ன வேலை?

உன் அப்பா மில் வாசலில் வந்து நின்று உன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டார். அந்தப் பெயரில் இங்கே யாருமே வேலை பார்க்கவில்லை என்றார்கள். அக்கா பெயரில் சேர்த்ததைப் போலீஸில் சொன்னார். பொய் சர்ட்டிபிகேட் கொடுத்ததற்கு அவரைத்தான் முதலில் உள்ளே வைப்போம் என்று அங்கே மிரட்டினார்கள். மனிதர் வாயை மூடிக்கொண்டார். பிறகு கவிதாவைத் தேடி ஒரு போலீஸ்காரர் உங்கள் ஊருக்குப் போனார். கவிதா கைக்குழந்தையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. மில்லின் கணக்கில் காணாமல் போனவள் உயிரோடு இருந்தாள். உண்மையில் காணாமல் போனவள் மில்லுக்கு வந்ததே இல்லை. இரண்டுக்கும் நடுவில் உன்னைத் தொலைத்தார்கள்.

நானும்தான் தொலைத்தேன். அந்தப் போலீஸ்காரர் அதற்கு முன்பே ஆஸ்டலுக்கும் வந்திருந்தார். எங்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, உன் பெயரைச் சொல்லி, "இந்தப் பேருல யாராச்சும் உங்க கூட இருந்தாங்களா?" என்று கேட்டார். வார்டன் பின்னால் நின்று எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. என் அட்டையில் ஜோதி என்று இருந்தது. "தெரியாதுங்க" என்றேன். மெஷின் ஓடாத முற்றத்தில், எல்லாருக்கும் தெளிவாகக் கேட்கும்படி சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. மன்னிக்கவும் மறுக்கவும் நீதான் இல்லையே. வெட்கக்கேடு என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

உன்னைக் கண்டெடுத்த கிணறு வேறொரு ஸ்டேஷனின் எல்லைக்குள் இருந்தது. அடையாளம் தெரியாத பெண் என்று எழுதி, கூடக் கிடைத்த பையைக் கவரில் போட்டு வைத்து, உனக்கு ஒரு நம்பர் போட்டுப் புதைத்துவிட்டார்கள். பல வருடம் கழித்து, அந்த வேன்காரன் இன்னொரு பெண்ணின் வழக்கில் பிடிபட்டபோதுதான் கிணற்றைக் காட்டினான். எடுத்து வைத்திருந்த எலும்பையும் உன் அம்மாவின் ரத்தத்தையும் சோதித்து, நீ அவர் மகள்தான் என்று சொன்னார்கள். அதைக் கேட்க உன் அப்பா இல்லை.

மில்லின் பழைய பட்டியலில் உன் அறையில் இருந்த ஜோதியைத் தேடி, என் அத்தை மகள் வழியாக ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் என் கடைக்கு வந்தார். "ஏனுங்க, இதை எங்காச்சும் பார்த்திருக்கீங்களா?" என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார். பையை அல்ல, கைப்பிடியைத்தான் முதலில் பார்த்தேன். சாய்ந்த தையல். பாதி தைத்த ஜாக்கெட் மடியிலிருந்து கீழே விழுந்தது. அந்த அம்மணி அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் ஆளாளுக்கு வந்தார்கள். "பொய்ப் பேருல வேலை பார்த்ததை நீயே போய்ச் சொன்னா உன்னையும் சேர்த்து இழுப்பாங்க, கடையை வெச்சுப் பொழைக்கிற வழியைப் பாரு" என்றார் என் வீட்டுக்காரர். உன் அக்கா புருஷன் போனில் கூப்பிட்டு, "போனவ போயிட்டாளுங்க. இப்ப எதுக்குங்க கவிதா பேரை ஊரெல்லாம் இழுக்கோணும்?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நானும் மரியாதையாகவே, "கவிதா பேரை விட்டு அவளை வெளிய கூட்டிட்டு வரத்தானுங்க போறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் அம்மாவோடு புதைத்த இடத்துக்குப் போனேன். முள்செடிகளுக்கு நடுவில் கையளவு கல், அதில் நம்பர். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எம்புள்ளைக்கு எதுக்கு கண்ணு நம்பரு? பேருதான் வெச்சிருக்கறமே" என்றார். கோர்ட்டுக்குப் போவதா வேண்டாமா என்று அதன் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

இன்று எதிர்த்தரப்பு வக்கீல் மில் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். அன்று வேனில் போனது கவிதா, கவிதா உயிரோடு இருக்கிறார், ஆகவே அந்த வேனில் போன யாரும் சாகவில்லை என்றார். கேட்பதற்கு நியாயம் போலவே இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே பொய்ப் பேருல வேலை பார்த்தவங்க. உங்க பேச்சைக் கோர்ட் எப்படிம்மா நம்பறது?"

"ஆமாங்க, பொய்ப் பேருதானுங்க. அதனாலதானுங்க அவ நெசப் பேரு எனக்குத் தெரியும்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பையை வெச்சிருந்த பெண்ணோட பேர் என்னம்மா?" என்று அவரே கேட்டார்.

மில்லில் இருந்து வந்ததிலிருந்து எனக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் நான் பேசுவதே கத்துவது மாதிரி இருக்கும், வீட்டில் தினமும் திட்டு வாங்குகிறேன். ஆனால் இன்று கத்தியதற்குக் காது காரணம் இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்து, ஷிப்ட் தொடங்கும்போது கத்துவேனே, அதே தொண்டையில் கத்தினேன்.

"செல்லாத்தா!"

வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர்க் கூண்டில் குனிந்தே நின்றிருந்த அவன் தலையைத் தூக்கினான். கடைசி பெஞ்சில் உன் அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"மெதுவாச் சொன்னாப் போதும்மா" என்றார் நீதிபதி.

"மெதுவாக் கூப்பிட்டுப் பழக்கமில்லீங்கய்யா."

தட்டச்சு செய்த பெண் என்னைப் பார்த்து, "இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்டாள். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றேன். சொன்னேன். அவள் அடித்து முடிக்கும்வரை சொன்னேன்.

கல்லை மாற்ற ஆள் பார்த்தாகிவிட்டது. நாளைக்கும் கடை திறந்ததும் தையல் மெஷினை மிதித்து ஓடவிட்டு ஒரு தடவை கூப்பிடுவேன், மூடும் முன்பு ஒரு தடவை. அந்தச் சின்ன மெஷினின் சத்தம் எதையும் மறைக்காது. தெருவெல்லாம் கேட்கும். கேட்கட்டும்.

சுமதி