மாப்பிள்ளையின் இலையில் மீன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் எட்டாம் நாள் படையலில் மீன் வைக்கவில்லை. வடை இருந்தது, பாயசம் இருந்தது, கடையில் வாங்கிய மைசூர்பாகுகூட இருந்தது. சனிக்கிழமை தவறாமல் என்னோடு ஏரிக்கு வந்தவரின் இலையில் ஒரு துண்டு மீன் இல்லை. இது உங்களுக்கு நடந்த அநியாயம். செய்தது உங்கள் மகன் பிரபு. பார்த்துக்கொண்டு நின்றது உங்கள் மனைவி, என் தங்கை கமலா. நான் இதை மூடி மறைக்கப் போவதில்லை. நம் தமிழ்ச் சங்க மலரில் போடத்தான் இதை எழுதுகிறேன், படிக்கிற அத்தனை பேரும் தெரிந்துகொள்ளட்டும்.

செத்தவருக்கு எது ஆசையோ அதை வைப்பதுதானே நம் வழக்கம்? என் அப்பாவுக்குச் சுருட்டே வைத்தோம். அதனால் அன்று இலைக்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"எங்கடா மீன்?"

"மாமா, அப்பா லாஸ்ட் இயரே ஃபிஷ் சாப்பிடறத ஸ்டாப் பண்ணிட்டார்."

"யாருகிட்ட கதை விடற? போன மாசம்கூட என் படகுல உக்காந்து பிடிச்சாரு."

"பிடிச்சார் மாமா. சாப்பிடல."

டெக்சஸில் ஆலன் என்கிற ஊரில் அவன் வீட்டு ஹாலில் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னான். நான் சாப்பிடாமல் கார்லண்டில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். வருஷம் திரும்பப் போகிறது. இன்றுவரை எனக்கு ஒன்றும் புரியவில்லை.

புரியாததை உங்களிடமே கேட்கிறேன். டவாக்கனி ஏரியில் நாம் என்ன செய்தோம்? காற்று வருகிற கரைக்குப் படகை ஓட்டிப்போய் எஞ்சினை அணைப்போம். பிறகு காற்று தள்ளும், படகு குறுக்கே நகரும், நம் தூண்டில்கள் ஏரியின் அடியைத் தடவிக்கொண்டே பின்னால் வரும். ரொம்ப வேகமாகப் போனால் நீலக் கெளுத்தி கடிக்காது. வேகத்தைக் குறைக்க மற்றவர்கள் துணிக்குடை வாங்கித் தண்ணீரில் இழுத்தார்கள். நான் இரண்டு பெயிண்ட் வாளிகளில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கட்டினேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானே யோசித்தது.

"மச்சான், மீன் பிடிக்கப் போறமா, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறமா?" என்பீர்கள்.

"முதல்ல கம்புலேர்ந்து கைய எடுங்க மாப்பிள்ளை!"

எத்தனை தடவை கத்தியிருப்பேன்! நாம் போடுகிற வளைந்த முள்ளில் கெளுத்தி தானாக மாட்டிக்கொள்ளும். கம்பு முழுசாக வளையும்வரை சும்மா இருந்தால் போதும், வெடுக்கென்று இழுத்தால் மீன் போய்விடும். உங்களுக்கோ கை சும்மா இருக்காது.

பெரிய கெளுத்தி வந்த அன்று மட்டும் சும்மா இருந்தீர்கள். உங்கள் கால் நீளத்துக்கு இருந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்க வலையில் அள்ளிப் போட்டோம். நீங்கள் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இதுக்கு நம்ம பிரபு வயசு இருக்கும் மச்சான்" என்றீர்கள். நான் ஐஸ் பெட்டியைத் திறப்பதற்குள் தண்ணீரில் விட்டுவிட்டீர்கள். வீடு வரும்வரை நான் உங்களோடு பேசவில்லை. பெரிசு கொழுப்பு, ருசிக்காது என்று விட்டீர்கள் என்றுதான் பிறகு நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் நிறுத்தினீர்களா?

அப்படியானால் அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்கள் பங்கை ஐஸில் போட்டு எடுத்துப் போனீர்களே, அது எங்கே போயிற்று? போன மாதம் கமலாவை உட்கார வைத்துக் கேட்டேன்.

"பக்கத்து வீட்டு வியட்நாம் அம்மாவுக்குக் குடுத்துடுவார் அண்ணா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

"ஏன்? நான் என்ன அடிச்சுடுவனா?"

"சொன்னா நீங்க கோவிச்சுக்கிட்டுத் தனியா படகு எடுத்துட்டுப் போயிடுவீங்களாம். நீச்சல் தெரியாத மனுஷன்னு சொன்னார்."

"உன் புருஷனுக்கு மட்டும் தெரியுமா?"

"அவருக்கும் தெரியாதுண்ணா."

நீச்சல் தெரியாத ஒருவரைக் காவல் காக்க நீச்சல் தெரியாத இன்னொருவர். அதிலும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "கமலா வச்ச குழம்பு இருக்கே மச்சான், அடடா!" என்பீர்கள். வைக்காத குழம்புக்கு எதற்கு அந்த அடடா?

காவலுக்காகத்தான் வந்தீர்கள் என்று வைத்துக்கொண்டால் இன்னொன்று இடிக்கிறது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது என்னிடம் என்ன கேட்டீர்கள்? "காத்து எந்தப் பக்கம் மச்சான்?" அது சனிக்கிழமை காலையில் நீங்கள் கேட்கிற கேள்வி. பாதுகாப்புக்கு மட்டும் வந்தவர் அதைக் கேட்பாரா? மீன் வேண்டாம், ஏரி வேண்டும் என்று ஒரு மனிதர் இருக்க முடியுமா? "தெக்குக் காத்து" என்று சொன்னேன். ஜன்னலைக்கூடப் பார்க்காமல் சொன்னது.

நீங்கள் போன பிறகு நான் ஏரிக்குப் போகவில்லை. படகு கராஜில் கிடக்கிறது, டிரெய்லர் டயர் இரண்டும் இறங்கிவிட்டன. பிரபுவின் ஆபீஸில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் வேலை இன்னும் இருக்கிறது, ஆனால் சிரிப்பதில்லை. கமலா எனக்கு வாரம் ஒருமுறை ரசம் கொடுத்தனுப்புகிறாள். உங்கள் வீட்டில் எல்லோரும் என்னை ஏமாற்றி நல்லது செய்கிறவர்களாகவே இருக்கிறார்கள்.

முதல் வருஷத் திதி வருகிறது. யார் சொன்னாலும் என் பேச்சு மாறாது, மீன் வைக்க வேண்டும். என்ன நடக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

முந்தின சனிக்கிழமை பிரபு லீவு போட்டாவது என்னோடு ஏரிக்கு வர வேண்டும். இரண்டு பேருக்கும் லைஃப் ஜாக்கெட் அவன் வாங்க வேண்டும், நான் போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் கம்பில் யாரும் கை வைக்கக் கூடாது. அவன் தன் கம்பை இழுத்துக் கெடுத்தாலும் நான் கத்த மாட்டேன், இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. கமலா ஒரே இலைதான் போட வேண்டும். சைவத்துக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று சமாதானம் பேசக் கூடாது. குழம்பு அவள் வைக்க வேண்டும், இந்த முறை உண்மையாகவே. மீதி மீனை வியட்நாம் அம்மாவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மீனைத் தொட வேண்டாம். தள்ளி வைத்துவிடுங்கள். சாப்பிடாமலே என்னோடு அத்தனை சனிக்கிழமை வந்தீர்களே, அதே மாதிரி வந்து உட்காருங்கள்.

படகில் உங்களுக்கு இன்னும் இடம் வைத்திருக்கும்,
கமலாவின் அண்ணன், உங்கள் மச்சான்.